ஆயர் ஈத்தாம் சட்டிகள்

சிற்றம்பலத்தின் இடது கால் கட்டைவிரல் மறுபடியும் வீங்கிவிட்டது. இந்த முறை பழி தவ்ஹு என்கிற சோயாக் கட்டியின் மேல் விழுந்தது.

போன வாரம் பழி பருப்பின் மேல். அதற்கு முந்திய வாரம் பால். அது விரலை ஒன்றும் செய்யவில்லை, மனிதரை இரண்டு நாள் கழிப்பறைப் பக்கமே இருக்க வைத்தது. நடுவில் ஒரு நாள் கமலாம்பிகை முந்திரியும் பாதாமும் வறுத்துக் கிண்ணம் நிறைய வைத்தாள். பொழுது சாய்வதற்குள் அவர் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்து, கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்.

இத்தனைக்கும் காரணம் புரதம். அறுபத்தாறு வருஷம் புரதம் என்ற சொல்லைப் பற்றியே கவலைப்படாமல் யோங் பெங் என்கிற சிற்றூரில் நிம்மதியாக வாழ்ந்த மனிதரை, ஓர் இரத்தப் பரிசோதனைத் தாள் வந்து இந்தப் பாடு படுத்தியது.

அவருடைய இடது முட்டி தேய்ந்துவிட்டது. அரசாங்க மருத்துவமனையில் முட்டி மாற்றும் அறுவைக்கு ஒன்றரை வருஷம் காத்திருந்து ஒருவழியாகத் தேதி வாங்கினார். கடைசி நேரத்தில் இரத்தத்தில் அல்புமின் என்கிற புரதம் முப்பத்தொன்றுதான் இருக்கிறது, முப்பத்தைந்தாவது வேண்டும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். புரதம் போதாத உடம்பில் தையல் போட்டால் புண் ஆறாதாம். பத்து வாரம் தவணை. ஏறினால் அறுவை. ஏறாவிட்டால் தேதி அடுத்த ஆளுக்குப் போய்விடும், சிற்றம்பலம் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

முட்டி வலியைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது அந்தப் பதினான்கு படி. படுக்கையறை மாடியில். ஒன்றரை வருஷமாக அவருடைய கட்டில் கீழே கூடத்தில், தொலைக்காட்சிக்கும் சோபாவுக்கும் நடுவில் கிடந்தது. கமலாம்பிகை மேலே, இவர் கீழே. படுக்கப் போகுமுன் அவள் மேலேயிருந்து, "ஃபேனைக் குறைச்சனீங்களோ?" என்பாள். இவர் கீழேயிருந்து, "குறைச்சனான்" என்பார். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியம் இந்த இரண்டு வாக்கியத்தில் வந்து நின்றுவிட்டதே என்று அவர் ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடப்பார்.

விரல் வீங்கிய மறுநாள், மருத்துவமனையின் உணவு ஆலோசகரைப் பார்க்கப் போனார்கள். லோஷினி என்று சின்னப் பெண். கமலாம்பிகை மருந்து வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்ததால் அவர் மட்டும் உள்ளே போனார். லோஷினி பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, தாளிலிருந்த பட்டியலில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். யூரிக் அமிலம் ஏறியிருப்பதால் பருப்பு ஒரு கரண்டிக்கு மேல் கூடாது. சோயா அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பால் ஆகாது. கொட்டை வகை கிட்டவே வரக்கூடாது. டப்பாவில் விற்கிற புரத மாவு பாலில் செய்தது, இல்லாவிட்டால் சோயாவில் செய்தது. கடைசியில் பட்டியலில் ஒரே ஒரு வரி மிஞ்சியது.

"அங்கிள், முட்டை வெள்ளை எடுத்துக்கலாமே. மஞ்சள் வேணாம், உங்களுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கு. ஒரு நாளைக்கு நாலு வெள்ளை போதும்."

சிற்றம்பலம் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நாங்க சைவம்மா."

"முட்டை சைவந்தானே அங்கிள். இப்ப எல்லாரும் சாப்பிடுறாங்க லா."

எல்லாரும் சாப்பிடலாம். சிற்றம்பலம் சாப்பிட முடியுமா? யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வந்த தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டுக்குள் முட்டை ஓடுகூட வந்தது கிடையாது. நில அலுவலகத்தில் அவர் வேலை பார்த்த முப்பது வருஷமும், யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் துண்டு அவர் மேசையைச் சுற்றிக்கொண்டுதான் போகும். கலியாணம் பேசியபோது கமலாம்பிகையின் தகப்பனார் சம்பளத்தைக் கேட்கவில்லை, சாதகத்தைக்கூட அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, முட்டை சேர்ப்பீரோ?" சிற்றம்பலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கேக்கே தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

லோஷினி தாளின் அடியில் 'நாலு வெள்ளை' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே வந்து கமலாம்பிகையிடம், பெண்பிள்ளை ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டார். அந்தத் தாள் பிறகு எங்கே போனது என்று அவர் தேடவும் இல்லை. வேறு கவலை வந்துவிட்டது.

மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த கோப்பிக் கடைக்குப் போய் மூலை மேசையில் உட்கார்ந்தார். பக்கத்து மேசையை விரலால் காட்டி, அதே மாதிரி என்றார். ஒரு பெரிய குவளையில் சுடுதண்ணீருக்குள் இரண்டு முட்டை வந்தது, கூடவே ஒரு சாசர், ஒரு கரண்டி. அரைவேக்காட்டு முட்டையை வாடிக்கைக்காரர்களேதான் உடைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஊர் வழக்கம். சிற்றம்பலத்துக்கு முட்டையை எந்தப் பக்கம் திறப்பது என்றே தெரியாது. கரண்டியால் மெல்லத் தட்டினார். அது திறக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினார்.

"என்ன ஐயா, யாருக்கு முட்டை?"

நிமிர்ந்து பார்த்தால் கமலநாதன், கோயில் செயலாளர், கையில் பேப்பரோடு நிற்கிறார்.

"ஒரு கூட்டாளிக்கு. இப்ப வந்துடுவாரு," என்றார் சிற்றம்பலம்.

வேறு யாராக இருந்தாலும் சரி என்று போயிருப்பார்கள். கமலநாதனுக்கு ஊரில் யார் யாரோடு கோப்பி குடிக்கிறார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டாளி யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு வருகிறேன் என்றார் என்று ஒன்றன்பின் ஒன்றாக விசாரணை. அரைமணி நேரம் ஆயிற்று. கூட்டாளி வரவில்லை, எப்படி வருவார்? முட்டை ஆறிப் போனது. எழுந்து போகும்போது கமலநாதன், இப்படி மூத்தவரைக் காக்க வைக்கிற ஆளின் சகவாசம் உங்களுக்கு வேண்டாம் என்று புத்தி வேறு சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை தேவாரத்துக்குப் போனபோது, சிற்றம்பலம் புதிதாக முட்டை தின்கிற யாரோடோ சேர்ந்திருக்கிறாராமே என்று கோயிலில் நாலு பேர் கேட்டார்கள்.

வெளியில்தானே கண் இருக்கிறது, வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவருக்கு அடுத்த யோசனை வந்தது. கமலாம்பிகை சந்தைக்குப் போன ஒரு காலையில், மினி மார்க்கெட்டில் வாங்கி ஒளித்து வைத்திருந்த நாலு முட்டையை மின்சாரக் கேத்தலில் போட்டுச் சுவிட்சைத் தட்டிவிட்டார். சட்டிபானையில் வைத்தால் தீட்டு, கேத்தல் என்றால் வெறும் தண்ணீர்தானே என்பது அவர் கணக்கு. தண்ணீர் கொதித்ததும் முட்டைகள் ஒன்றோடொன்று மோதி உடைந்து, நுரை பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு மேசையெல்லாம் வழிந்தது. துடைத்தார், கழுவினார், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார். நாற்றம் போகவில்லை. வேறு வழியில்லாமல் கேத்தலைப் பையில் சுற்றிக் குப்பை லாரிக்காரனிடம் கொடுத்துவிட்டார்.

கமலாம்பிகை வந்து மூக்கைச் சுளித்தாள். "கேத்தலுக்கு என்ன நடந்தது?"

"எரிஞ்சு போச்சு."

அவள் முப்பத்து மூன்று வருஷம் தமிழ்ப்பள்ளியில் டீச்சராக இருந்தவள். பொய் சொல்கிற பிள்ளையை அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் சன்னலைத் திறந்துவிட்டதோடு சரி. மறுநாள் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறிப் போனவள், பொழுது சாயும் நேரம் வெறுங்கையோடு கால் வலிக்கத் திரும்பி வந்தாள். தப்பித்தோம் என்று சிற்றம்பலம் மூச்சு விட்டார்.

அடுத்த நாள் காலை அவர் கோப்பியை உறிஞ்சும்போது அவள் ஒரு வேலை சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கொரு பூச்சட்டி வேணும். ஆயர் ஈத்தாமிலதான் நல்ல சட்டி. பெரிய ரோட்டோரத்தில ஒரு சட்டிக் கடை, நேர் எதிரில கோப்பிக் கடை ஒண்டு இருக்குதாம். அதுதான் அடையாளம்."

சிற்றம்பலம் கோப்பியைக் கீழே வைத்தார். ஆயர் ஈத்தாம். காரில் அரைமணி தூரம். கமலநாதன் இல்லாத ஊர். முருகன்தான் இவள் வாயில் வந்து பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டார். ஆட்டோ கியர் கார், இடது காலுக்கு வேலை இல்லை. அப்போதே கிளம்பிவிட்டார்.

சட்டியை வாங்கிக் காரில் வைத்துவிட்டு எதிர்க் கடைக்குள் நுழைந்தார். சீனருடைய கடை, ஆனால் பரிமாறுகிறவள் வெள்ளையம்மா என்று ஒரு தமிழ்ப் பெண்மணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாங்க ஐயா, உள்ளே வாங்க, வெளியில் வெயில் என்று தூணுக்குப் பின்னால், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு மேசையில் உட்கார வைத்தாள்.

"முட்டை," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

எத்தனை, எப்படி என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சற்று நேரம் கழித்து ஒரு கோப்பை கொண்டுவந்தாள். உடைக்கிற வேலையே இல்லை, எல்லாம் உடைத்து ஊற்றி, மேலே மிளகுத்தூள் தூவி, வெள்ளை வெளேரென்று. சிற்றம்பலம் கண்ணை மூடிக்கொண்டு மாமனாரை மனதில் நினைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு விழுங்கினார். குமட்டும் என்று பயந்திருந்தார், குமட்டவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

மற்ற மேசைகளில் சனங்கள் அவரவர் முட்டையை அவரவர் உடைத்து, கறுப்பாகச் சோயா சாஸ் ஊற்றி, மஞ்சளாகக் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் கோப்பையில் மஞ்சள் இல்லை. லோஷினி சொன்ன எச்சரிக்கை ஞாபகம் வந்தது, ஆனால் கேட்கக் கூச்சம். அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்: நீண்ட நேரம் வெந்தால்தான் முட்டைக்குள் மஞ்சள் உண்டாகும் போலிருக்கிறது, நமக்கு அவசரமாக எடுத்துவிட்டார்கள், நல்லதாய்ப் போயிற்று. முட்டையே தின்றறியாத மனிதர், பாவம், வேறு என்ன நினைப்பார்?

வீட்டுக்கு வந்து சட்டியை இறக்கினார். கமலாம்பிகை அதைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒற்றைச் சட்டி வாசலில நிண்டால் வடிவில்லை. நாளைக்கு இன்னொண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ."

மறுநாள் இன்னொரு சட்டி, இன்னொரு கோப்பை முட்டை. அதற்கடுத்த நாள் இரண்டு சட்டிக்கும் அடித்தட்டு வேண்டும் என்றாள். தட்டு சின்னதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றாள். பிறகு தண்ணீர் வைக்க ஒரு சாடி. பிறகு சாடிக்குத் துணையாக ஒரு சாடி. வெள்ளியும் ஞாயிறும் தவிர மற்ற நாளெல்லாம் அவளுக்கு ஆயர் ஈத்தாமில் ஏதாவது ஒரு மண்பாண்டம் தேவைப்பட்டது. சிற்றம்பலத்துக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்த வயதில் இவளுக்கு இப்படி ஒரு சட்டிப் பைத்தியம் பிடிக்கும் என்று யார் கண்டது?

முதலில் வாசல் நிறைந்தது. அப்புறம் சமையலறைச் சன்னலோரம். சாமியறையில் விளக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு சாடி. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஓர் ஆமை உண்டியல், அது அவர் படுத்தால் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். நாலாவது வாரம் இடம் தீர்ந்துபோய் மாடிப்படியில் ஏற ஆரம்பித்தது. படிக்கு ஒரு சட்டியாகப் பதினான்கு படியிலும் சட்டி. கமலாம்பிகை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் பக்கவாட்டில் ஏறி இறங்கினாள். எந்தச் சட்டியிலும் ஒரு செடி கிடையாது. ஏன் இத்தனை என்று கேட்க அவருக்கு வாய் வரை வரும். கேட்டால் அவள் திருப்பி ஏதாவது கேட்டுவிடுவாள் என்று விழுங்கிவிடுவார்.

தவணை முடிந்து இரத்தம் எடுத்தார்கள். அல்புமின் முப்பத்தாறு.

"என்ன அங்கிள் சாப்பிட்டீங்க?" என்று லோஷினி கேட்டாள். இந்த முறை கமலாம்பிகை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சிற்றம்பலம் சுவரில் மாட்டியிருந்த காய்கறிப் படத்தைப் பார்த்தார்.

"முருங்கைக்கீரை," என்றாள் கமலாம்பிகை. "ரெண்டு நேரமும் சூப்பு."

லோஷினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சரி ஆன்டி என்று எழுதிக்கொண்டாள்.

உண்மைதான், அத்தனை வாரமும் முருங்கைக்கீரை சூப்பு இருந்தது. சிற்றம்பலம் அதைச் சிவனே என்று குடித்தார். ஆனால் விஷயம் கோயில் வரை போய்விட்டது. கமலநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. வெறும் கீரையில் அல்புமின் ஏறியிருக்கிறது, இதைவிடச் சைவத்துக்கு என்ன அத்தாட்சி வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டத்தையே கூட்டி, சிற்றம்பலத்தை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்திவிட்டார். முட்டை தின்கிற அந்தக் கூட்டாளியை இவர் கைகழுவியதையும் மறக்காமல் பாராட்டினார். சிற்றம்பலம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் முருகன் செயல் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் பொழுது விடிவதற்குள் ஊர்ச்சனம் வந்து கேட்டுக் கேட்டு ஒடித்ததில், அவர் வீட்டு முருங்கை மரம் மொட்டைக் கம்பாக நின்றது.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் சேர வேண்டும். வியாழக்கிழமை காலை அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சொல்லிவிட வேண்டும். முப்பத்தெட்டு வருஷத்தில் கமலாவிடம் அவர் மறைத்த ஒரே விஷயம் இது. மயக்க மருந்து கொடுத்து, ஏதோ ஒன்று ஆகி, கண் விழிக்காமலே போய்விட்டால்? அவள் பாட்டுக்குச் செத்த வீட்டிலும் வருகிறவர்களிடம் முருங்கைக்கீரையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கோபித்து மேலேயே இருந்துவிட்டால், புது முட்டியை வைத்துக்கொண்டு மாடி ஏறித்தான் என்ன பயன் என்றும் தோன்றியது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்கு முன்னால் வெள்ளையம்மாவுக்கு ஒரு நன்றி சொல்ல ஆயர் ஈத்தாம் போனார். அன்றைக்குக் கமலாம்பிகை சட்டி எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் பழக்கதோஷம், எதிர்க் கடையில் ஒன்று வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோப்பை வந்தது. சாப்பிட்டு முடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

"அம்மா, நாளைக்கு ஆஸ்பத்திரில சேர்றேன். அதுக்கு முந்தி வீட்டுல உண்மையச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

"என்ன உண்மை ஐயா?"

"இந்த முட்டைதான். கலியாணத்துக்கு முந்தி அவங்க அப்பாவுக்கு வாக்குக் குடுத்தேன். கேட்டா அவங்க தாங்க மாட்டாங்க. எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

வெள்ளையம்மா மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். சிற்றம்பலம் பேச்சை மாற்ற, இத்தனை நாள் மனதில் கிடந்ததைக் கேட்டார்.

"அது போகட்டும், எல்லார் கோப்பையிலயும் மஞ்சள் இருக்கு. எனக்கு மட்டும் ஏன் வர்றதில்ல? கொஞ்சமா வேக வைக்கிறதாலயா?"

வெள்ளையம்மா துணியைக் கீழே வைத்தாள். பிறகு அவர் காலடியில் இருந்த சட்டியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நாலு முட்டை உடைச்சு மஞ்சளை எடுத்துடு, சோயா சாஸ் ஊத்தாத, நாளைக்கு எங்க ஐயா சட்டி வாங்குற சாக்குல வருவாருன்னு, ஆறு வாரத்துக்கு முந்தியே டீச்சரம்மா பஸ் ஏறி வந்து, உங்க சட்டைப் பையில இருந்த தாளைக் காட்டிச் சொல்லிட்டுப் போனாங்க ஐயா, இப்பக்கூட போன் பண்ணாங்க, இனிமே சட்டி வேணாமாம், படியில இருந்ததையெல்லாம் இறக்கி வச்சுட்டாங்களாம், நீங்க மேல ஏறி வரணும்ல."